கட்டளைவரியில் ஒரு பிள்ளையார் சுழி

கொழும்பு வெள்ளவத்தையில் நடக்கும் எந்தக் கலியாணத்துக்குள்ளும் யாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். மாப்பிள்ளை வீட்டார் உங்களைப் பெண் வீட்டார் என்று நினைப்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைப்பார்கள். ‘நீங்கள் ஆர்?’ என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் இரண்டு வீட்டாரும் கேட்க மாட்டார்கள். நானே ஒருமுறை மேல்மாடி மண்டபத்துக்குப் போகவேண்டியவன் கீழ்மாடிக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்கு அறுகரிசி தூவி வாழ்த்தி, பாயாசம் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, “அம்மாவுக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார். “பரவாயில்லை” என்றேன். யாருடைய அம்மா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனால் இருவரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

இந்தப் பெருந்தன்மையை நான் ஒரு கணினி ஸ்கிரிப்டுக்குள்ளும் எழுதிவைத்திருந்தேன். அதனால் ஒரு கலியாணம் காணாமல் போயிற்று.

என் மனைவியின் அக்கா வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், படப்பிடிப்பு நிலையம் வைத்திருக்கிறார். படம் எடுப்பவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு கத்தோலிக்கர், ஏறத்தாழ என் வயது. அவர் எடுத்துவந்து கொடுக்கும் மெமரி அட்டைகளிலிருந்து படங்களைக் கணினிக்கு ஏற்றி, நல்லதைப் பொறுக்கி, அல்பம் செய்வது அக்காவின் வேலை. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சம்பளத்துக்கு இருப்பவன். அங்கே எல்லோரும் என்னை ‘சேர்’ என்பார்கள். ஐம்பது தாண்டி, முன்தலை வெளித்துப்போன பிறகும் என்னைத் ‘தம்பி’ என்று அழைப்பவர் இந்த அக்கா ஒருவர்தான். அந்த ஒரு சொல்லுக்காக அவர் கேட்ட எல்லாவற்றையும் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறேன். படங்களை ஏற்றும் ஸ்கிரிப்டும் அப்படிக் கொடுத்ததுதான். பைத்தன் மொழியில் எழுதியது. எனக்கு என் எழுத்தில் நம்பிக்கை அதிகம், பெரும்பாலும் அது நியாயமான நம்பிக்கை.

அதைப் பாவிப்பது சுலபம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். முதலில் ஸ்கிரிப்டின் பெயர், அதன் பின்னால் கலியாணத்தின் பெயர், அதற்கும் பின்னால் அட்டை செருகியிருக்கும் இடம். கட்டளைக்குப் பின்னால் வரும் இந்தச் சொற்களை எங்கள் தொழிலில் ஆர்கியூமென்ட் என்போம். ஸ்கிரிப்ட் முதலாவது சொல்லை எடுத்து அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறக்கும். மிச்சமுள்ள சொற்கள் எல்லாவற்றையும் படம் இருக்கும் இடங்கள் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போய் அள்ளிவரும். சில நாளைக்கு ஒரு அட்டை வரும், சில நாளைக்கு இரண்டு வரும். ஆகவே சொன்ன இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எழுதினேன். அதே பெயரில் படம் ஏற்கெனவே இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். அக்கா ஒரே அட்டையை மறந்துபோய் இரண்டு தரம் ஏற்றினால் படங்கள் இரட்டிக்கக் கூடாதே என்ற அக்கறை. எல்லாம் முடிந்ததும் அட்டையைத் துடைத்துவிட்டு, பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று சொல்லும்.

எதிர்பாராத சொல் ஏதும் வந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். யோசித்தேன். வந்தவர் இருக்கட்டும், பந்தியில் ஒரு இலைதானே என்று விட்டேன்.

நான் பக்கத்தில் இருந்த நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு சனிக்கிழமை காலை, தோசையும் சம்பலும் முன்னால் இருக்க, அக்காவின் அழைப்பு வந்தது.

“தம்பி, உம்மட பெட்டி ஒரு கலியாணத்தை விழுங்கிப்போட்டுது. பொம்பிளை முன்னால வந்து இருக்கிறா. ஓடி வாரும்.”

ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் வாங்கில் ஒரு பெண் இருந்தாள். சாதாரண சல்வார்தான், ஆனால் இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. புதன்கிழமை கலியாணம் முடித்தவள் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா கணினிக்கு முன்னால், குற்றவாளியைப் பிடித்து வைத்திருப்பவரைப் போல, திரையை விரலால் தொட்டுக்கொண்டு இருந்தார். அந்தக் கலியாணத்தின் பெயரில் ஃபோல்டர் எதுவுமே இல்லை. புதிதாக இருந்தது ஒன்றுதான். அதன் பெயர் ‘உ’.

“அக்கா, இது என்ன?”

“பிள்ளையார் சுழி.”

“அது எனக்கும் தெரியும். ஆர் போட்டது?”

“நான்தான். முதன்முதலாய்த் தனிய இருந்து ஒரு வேலை தொடங்கிறன். சுழி போடாமல் தொடங்கிறதோ? உம்மட கலியாணத்துக்கு மரக்கறிச் சாமான் எழுதேக்கையே சுழி போட்டுத்தான் எழுதினனான்.”

“அது எப்பிடி முடிஞ்சது எண்டு பாத்தனீங்கள்தானே.”

“என்ர தங்கச்சிட்டைச் சொல்லட்டோ, இப்ப நீர் சொன்னதை?”

வேண்டாம் என்றேன்.

நடந்தது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. புதன் பின்னேரம் அக்கா ஸ்கிரிப்டின் பெயரை எழுதி, அதன் பின்னால் முறைப்படி ‘உ’ போட்டு, பிறகு கலியாணத்தின் பெயரையும் அட்டையின் இடத்தையும் எழுதியிருக்கிறார். கடுதாசியில் எழுதினால் வாசிப்பவன் உ-வைக் கண்டு மனதுக்குள் கும்பிட்டுவிட்டுக் கீழே போவான். ஸ்கிரிப்ட் அப்படிப் போகவில்லை. முதலாவது சொல் கலியாணத்தின் பெயர் என்று அதற்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனவே பிள்ளையாருக்குக் கலியாணம் என்று எடுத்துக்கொண்டு அவர் பெயரில் ஃபோல்டர் திறந்தது. அதற்குப் பின்னால் வந்த உண்மையான கலியாணப் பெயரை ஏதோ ஓர் இடம் என்று நினைத்து, தேடிப் பார்த்து, அப்படி ஓர் இடம் இல்லை என்று கண்டு, நான் சொல்லிக் கொடுத்த நல்ல பழக்கத்தின்படி வாயே திறக்காமல் தாண்டிப் போயிற்று. அட்டையில் இருந்த படங்களை எல்லாம் பிள்ளையாரிடம் ஒப்படைத்தது. அட்டையைத் துடைத்தது. ‘முடிந்தது’ என்றது.

அதோடு நின்றிருந்தால் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஒரு தேத்தண்ணியோடு முடித்திருக்கலாம். வெள்ளிக்கிழமை அக்கா ஒரு குடிபூரலின் படங்களை ஏற்றினார். புது வீடு, புது அட்டை, மறுபடியும் சுழி. கொட்டாஞ்சேனைக்காரர் தன் கமராவை ஒவ்வொரு விசேஷத்துக்கும் படங்களின் எண் ஒன்றிலிருந்து தொடங்கும்படி வைத்திருப்பவர். குடிபூரலின் முதலாவது படம் கலியாணத்தின் முதலாவது படத்தின் மேல் ஏறியது. இரண்டாவது இரண்டாவதின் மேல். அப்படியே போயிற்று.

பெண் எழுந்துவந்து என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள்.

“அங்கிள், இதில பால் பொங்குது.”

பொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவளுடைய தாலிகட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு புதுப் பானை வழிந்துகொண்டிருந்தது. குடிபூரலுக்குப் படம் குறைவு என்பதால் கலியாணத்தின் பின்பகுதி தப்பியிருந்தது. தப்பியது முழுவதும் பந்தி. இலையில் குனிந்தவர்கள், நிமிர்ந்தவர்கள், வாய் நிறையச் சோற்றோடு கமராவைக் கண்டு திகைத்தவர்கள். நான் மண்டபம் மாறிப்போய்ச் சாப்பிட்ட கலியாணத்திலும் என்னை இப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று அந்த நேரத்தில் தேவையில்லாமல் நினைத்துக்கொண்டேன்.

“ஆக்களின்ர ஃபோன்களில படம் இருக்குமே, பிள்ளை?” என்றார் அக்கா.

“இருக்கு அன்ரி. எல்லாத்திலயும் உங்கட கமராக்காரரின்ர முதுகுதான் இருக்கு.”

அதுவும் உண்மை. நம் கலியாணங்களில் முக்கியமான கட்டம் எதையும் படம் எடுப்பவரைத் தவிர வேறு யாரும் கண்டதில்லை.

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு அல்பம் அவசரமில்லை. தாலிகட்டுக்குக்கூட ஒரு நாளைக்கு வேறு வழி பார்க்கலாம். வேண்டியது ஒரே ஒரு படம். அவளுடைய அப்பா, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் காலம் முழுக்கக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், சக்கர நாற்காலியில் இருக்கிறார். கால் வரும், பயிற்சி செய்தால் எழும்பலாம் என்று வைத்தியர் சொல்லியும் அவர் செய்யவில்லை. எழும்ப ஏலாது என்று தானே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனால் கலியாணத்தன்று, தாரைவார்க்கும் நேரம், மணவறைக்கு முன்னால் அவர் எழும்பி நின்றார்.

“ஒருத்தரும் பிடிக்கேல்லை, அங்கிள். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். இப்ப கேட்டால் இல்லையாம். மகனும் மருமகனும் ரெண்டு பக்கத்தாலயும் தூக்கிப் பிடிச்சவையாம், தன்னைச் சந்தோசப்படுத்தப் பொய் சொல்லுறமாம். சாட்சி வேணுமாம். பயிற்சி குடுக்கிற பெடியனை நேற்றும் வாசலோட திருப்பி அனுப்பிப்போட்டார். படத்தைக் காட்டுறன், இருங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.”

அக்கா என்னைப் பார்த்தார். பார்வையில் தம்பி இல்லை.

நான் கலங்கவில்லை. எழுதத் தெரியாததைவிட அழிந்ததைத் தேடத் தெரியாததுதான் என் தொழிலில் வெட்கம். அட்டையைத் துடைப்பது என்றால் வீட்டை இடிப்பது இல்லை, வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவதுதான். புதிதாக ஒருவர் குடிவரும்வரை பழைய ஆள் உள்ளேதான் இருப்பார்.

“புதன்கிழமை அட்டையைத் தாங்கோ, அக்கா. எடுத்துத் தாறன்.”

“அது அவரிட்டையெல்லோ. நேற்றே வாங்கிக்கொண்டு போட்டார். இண்டைக்குக் கொச்சிக்கடையில ஒரு ஞானஸ்நானம்.”

அதாவது பழைய ஆள் இருக்கும் வீட்டுக்குள் ஒரு கைக்குழந்தை குடும்பத்தோடு குடிவந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓர் அறை. தொலைபேசியில் அழைத்தோம், நிறுத்தியிருந்தார். தேவாலயத்துக்குள் போனால் ஃபோனை நிறுத்திவிடும் நல்ல மனுஷன். அன்று ஒருநாள் அவர் கொஞ்சம் கெட்ட மனுஷனாக இருந்திருக்கலாம்.

நான் வெளியே ஓடி ஓர் ஓட்டோவை மறித்தேன். பெண்ணும் ஏறிக்கொண்டாள்.

“நீங்கள் ஏன் பிள்ளை? நான் போட்டு வாறன்.”

“இல்லை அங்கிள். நீங்கள் போய் அதையும் எங்கயாவது விழுங்கிப்போடுவியள்.”

“கொச்சிக்கடே. டிக்கக் இக்மனட்ட, மல்லி” என்றேன் ஓட்டுநரிடம். கொஞ்சம் கெதியாய், தம்பி என்று சிங்களத்தில் கேட்டதற்கு அவன் “ஹரி அய்யே” என்றான். அங்கிள் என்று சொல்லாமல் அண்ணன் என்று சொன்னானே என்ற சந்தோஷம் கொள்ளுப்பிட்டி வரை தாங்கியது. அதற்குப் பிறகு வாகன நெரிசல். கோட்டையைத் தாண்டிப் புறக்கோட்டைக்குள் இறங்கியபோது பாரவண்டிகளும் வெங்காய மூட்டைகளும் எங்கள் அவசரத்தை மதிக்கவில்லை. பெண் வெளியே பார்த்தபடி, “இப்ப எத்தினை கிளிக் போயிருக்கும் அங்கிள்?” என்று கேட்டாள்.

“முதல்ல வாசல்ல, ஆக்கள் வாறதை எடுப்பார். அந்த இடத்தில உங்கட கலியாணத்தில என்ன இருந்தது?”

“எனக்கு மேக்கப் போட்டது.”

“அது போயிருக்கும்.”

“போகட்டும். அதில நான் என்னைப் போலவே இல்லை.”

தேவாலயத்துக்குள் நான் நுழைந்தபோது சடங்கு முக்கியமான கட்டத்துக்கு வந்திருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பாதர். வெள்ளை உடுப்பில் குழந்தை. எங்கள் ஆள் ஒரு காலை மடித்து, கமராவைக் கண்ணில் வைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவால் நடந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை. குழந்தையின் அப்பா வீட்டார் என்னை அம்மா வீட்டார் என்று நினைத்திருப்பார்கள், அம்மா வீட்டார் அப்பா வீட்டார் என்று. ஒரு மாமி கொஞ்சம் ஒதுங்கி இடமும் விட்டார். நான் நேரே போய்க் கமராவுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றேன்.

தண்ணீரைக் கோலிய பாதரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு? எந்தப் பக்கம்?”

“நான்... கலியாணப் பக்கம், பாதர்.”

“இது ஞானஸ்நானம்.”

“தெரியும் பாதர்.”

“அப்ப இந்தப் பக்கமா வந்து நில்லுங்க.”

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, எதிர்பாராமல் நுழையும் சொல்லை எப்படிக் கையாள வேண்டும் என்று இவ்வளவு சுத்தமாக ஒருவர் செய்து காட்டி நான் பார்த்தது அன்றுதான். தெரியாத ஒன்று வரிசைக்குள் வந்துவிட்டதா, தண்ணீரை ஊற்றாதே. எதையும் தொடுவதற்கு முதல் நில். யார் என்று வாய்விட்டுக் கேள். என்னுடைய ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் நின்றிருந்தால் என் தலையில் தண்ணீரை ஊற்றி, குழந்தையின் பெயரை எனக்கு வைத்து, குழந்தையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய், ‘முடிந்தது’ என்று பச்சை எழுத்தில் சொல்லியிருக்கும்.

படம் எடுப்பவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “என்னாண்ணே இது? கோவிலுக்குள்ள வந்து ஃபிரேமுக்குள்ள நிக்கிறீங்க?”

“அட்டையைக் கழட்டுங்க. புதன்கிழமைக் கலியாணம் அதுக்குள்ளதான் இருக்கு.”

“நம்ம அக்கா ஏத்திட்டேன்னு சொன்னாங்களே?”

“ஏத்தினவங்கதான். பிள்ளையார்ட்ட.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மேல்சட்டைப் பையிலிருந்து வேறு ஓர் அட்டையை எடுத்து மாற்றினார். கழற்றியதை என்னிடம் நீட்ட, பின்னாலிருந்து ஒரு மருதாணிக் கை வந்து அதை வாங்கிக்கொண்டது. பாதர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப ஊத்தலாமா?” என்று கேட்டார். குழந்தையின் குடும்பம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். எனக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது.

திரும்பி வரும் வழி முழுக்கப் பெண் கையைத் திறக்கவில்லை.

நிலையத்தில் அட்டையைச் செருகி, அழிந்த படங்களைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டேன். அது மெதுவாக வேலை செய்யும் சாமான். மூலை முடுக்கெல்லாம் துழாவிக்கொண்டு போகும். முதலில் ஞானஸ்நானத்தின் வாசல் வந்தது. பிறகு பாதித் துண்டுகளாகச் சில படங்கள், மேலே கண் இமைக்கு நிறம் பூசிய மணப்பெண், கீழே சாம்பல் நிறம். பெண் திரையை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கணினியில் ஸ்கிரிப்டைத் திறந்தேன். சும்மா இருந்து கவலைப்படுவதைவிட எழுதிக்கொண்டே கவலைப்படுவது எனக்குச் சுகம்.

“என்ன செய்யிறீர்?” என்றார் அக்கா.

“வரியில வாற ஒவ்வொரு சொல்லையும் முதல்ல நிப்பாட்டி விசாரிக்கப்போறன். இது இடம் எண்டால் அப்பிடி ஒரு இடம் உண்மையாய் இருக்கோ எண்டு பாக்கும். இல்லாட்டி நிக்கும். எந்தச் சொல் பிழை எண்டு சொல்லும். ஒரு படத்தையும் தொடாது. பேர் ஒத்த படம் இருந்தால் மேல எழுதாது. நீங்கள் கண்ணால பாத்து ஓம் எண்டு சொல்லும்வரை அட்டையையும் துடைக்காது.”

“வந்த ஆக்களை ஆர் எண்டு கேக்கிறதோ? திமிர்.”

“ஓம் அக்கா. அதுதான் வேணும்.”

“அப்ப பிள்ளையார் வந்தால்?”

அதில்தான் நான் கொஞ்சம் யோசித்தேன். கண்டிப்பான ஆட்கள் அவரையும் வாசலில் நிறுத்துவார்கள். ஆனால் எதிர்பாராத சொல் ஒருமுறைதான் எதிர்பாராதது. அக்கா சுழி போடாமல் ஒரு வேலை தொடங்க மாட்டார் என்று தெரிந்த பிறகும் தெரியாதவன் போல நடிப்பது புரோகிராமுக்கும் அழகில்லை, மைத்துனனுக்கும் அழகில்லை. ஆகவே வரியின் முதல் இடத்தில் ‘உ’ வந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடுத்த சொல்லிலிருந்து எண்ணத் தொடங்கும்படி எழுதினேன். முதல் இடத்தில் மட்டும். நடுவில் வந்தால் அவரையும் விசாரிக்கும்.

எழுதி முடிக்க, ஞானஸ்நானம் முடித்துக்கொண்டு படம் எடுப்பவரும் வந்து சேர்ந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

“அப்ப நம்மளுக்கு? நாங்க சிலுவைதானே போடுவோம்.”

‘+’ அடையாளத்தையும் சேர்த்தேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, பழைய அட்டை ஒன்றைச் செருகி, தானே பரீட்சித்துப் பார்த்தார். ‘உ’ போட்டார், ஒரு கலியாணப் பெயர் போட்டார், அட்டையின் இடத்தையும் போட்டுவிட்டு, கடைசியில் சும்மா இருக்கட்டும் என்று ‘லாபம்’ என்றும் எழுதினார். கடைக்காரர்கள் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்களே, அந்த வழக்கம். ஸ்கிரிப்ட் நின்றது. சிவப்பு எழுத்தில் சொன்னது: ‘லாபம் என்ற இடம் எனக்குத் தெரியாது. எதையும் தொடவில்லை.’

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“லாபத்தைத் தெரியாதாம். உம்மடைதான் தம்பி, சந்தேகமே இல்லை.”

அப்போதுதான் பெண் “அங்கிள்!” என்றாள். மணவறை வரத் தொடங்கியிருந்தது. முழுப் படங்கள், ஒரு கீறலும் இல்லை. ஒழுங்குதான் கலைந்துபோயிருந்தது. தாலிகட்டு முன்னால் வந்தது, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைத்தது பிறகு வந்தது. அவற்றுக்கு நடுவில் ஒரு மெலிந்த மனிதர், வேட்டியும் சால்வையுமாக, நேரே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை முன்னால் நீட்டியிருந்தது, மறு கை பக்கத்தில் தொங்கியது. அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலி வெறுமையாக இருந்தது.

யாரும் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை கிருலப்பனையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நானும் போனேன். பெண்தான் வரச் சொன்னாள். அப்பா குறுக்கு விசாரணை செய்வார், தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். வீட்டின் முன்னறையில், யன்னலுக்குப் பக்கத்தில், அவர் நாற்காலியில் இருந்தார். நான் உள்ளே வந்ததும் முதல் வேலையாக, “இது ஆர்?” என்று மகளைக் கேட்டார்.

“படத்தை விழுங்கின அங்கிள்.”

“திருப்பி எடுத்தது?”

“அதுவும் இவர்தான்.”

“அப்ப ரெண்டு பக்கத்துக்கும் ஆஜராகியிருக்கிறார். இருங்கோ, இருங்கோ.”

அவள் படத்தை மடிக்கணினியில் திறந்து அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“இப்ப ஏஐ எண்டு ஒண்டு இருக்காம். செத்தவனையே எழுப்பி ஆடவிடுமாம். இருந்தவனை எழுப்பி நிப்பாட்டிறது பெரிய வேலையோ?”

“பெரிய வேலை இல்லை ஐயா.”

“அங்கிள்!” என்றாள் மகள்.

“கேட்டால் உண்மையைத்தானே சொல்லவேணும், பிள்ளை” என்றேன். அவர் முகத்தில் முதல்முறையாக என் மேல் ஒரு மதிப்பு வந்தது. மகள் முகத்தில் இருந்தது போயிற்று. அவர் மறுபடியும் படத்துக்குள் குனிந்தார். மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்தார்.

“இதைப் பெருப்பிக்கலாமோ? மேல இல்லை. கீழ. வேட்டி.”

பெரிதாக்கினேன். வேட்டி இடது பக்கம் தாழ்ந்து, கரை கோணலாகி, இடுப்பில் ஒரு பெரிய முடிச்சுப் பொட்டலமாக நின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தனை கலியாணம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கேவலமாகக் கட்டிய வேட்டியைக் கண்டதில்லை.

“அண்டைக்கு வேட்டி கட்டிவிட வந்தவை, நான் விடேல்லை” என்றார் அவர் மெதுவாக. “ஒரு கையால நானே கட்டினனான். ஒருத்தரும் இப்பிடிக் கட்டமாட்டான். பொய்ப்படம் செய்யிறவன் எண்டால் நல்லா விசிறி மடிச்சுக் கட்டிவிட்டிருப்பான்.”

அவர் படத்தைத் தொடராகக் கேட்டார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றில் அவர் பாதி எழும்பியிருந்தார், கண் மூடியிருந்தது. இன்னொன்றில் மகன் கையை நீட்டியபடி ஓடிவந்தான், ஆனால் அவன் பிடித்தது நழுவப்போன வேட்டியை. அவர் அந்தப் படத்தோடு நிறுத்தி, ஒரு சிறு சத்தம் போட்டார். சிரிப்பாக இருக்க வேண்டும்.

“கள்ளப்பயல். வேட்டியைத்தான் பிடிச்சிருக்கிறான்.”

பிறகு மடிக்கணினியை மூடி என்னிடம் தந்தார்.

“அந்தப் பயிற்சிப் பெடியன் எத்தினை மணிக்கு வாறவன்?”

“முந்தநாள் நீங்கள் பேசின பேச்சுக்கு இனி வருவானோ?” என்றாள் மகள்.

“வரச் சொல்லு. வரும்வரைக்கும்...” அவர் மேசை விளிம்பில் நல்ல கையை வைத்தார். மகள் பாய்ந்து கிட்டப் போனாள். “அங்கால போ. ஒருத்தரும் கிட்ட வரப்படாது. பிறகு பிடிச்சது எண்டு ஆரும் சொல்லுவினம்.”

மேசை கிறீச்சிட்டது. மேலே இருந்த தண்ணீர்ச் செம்பு நடுங்கியது. முழங்கால் ஒருதரம் மடங்கி, யோசித்து, நிமிர்ந்தது. அவர் நின்றார். அன்று சாரம்தான் கட்டியிருந்தார், அதுவும் கோணல்தான்.

மகள் அவசரமாகக் கைப்பையைத் திறந்து ஃபோனைத் தேடினாள்.

“ஒரு நிமிசம் அப்பா, இப்பிடியே நில்லுங்கோ, படம் எடுக்கிறன்.”

அவர் யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஏன், உனக்குக் கண் தெரியேல்லையோ?”